ஆயிரம் பதிவிலிருந்து மலைகளை மட்டும் பிரித்தெடுத்த கதை

வேலை கேட்கும்போது சின்னதாகத்தான் தெரிந்தது. பசுமலையில் இருக்கும் எங்கள் பள்ளித் தமிழாசிரியர், ஓய்வுபெற்ற பிறகு, வலைத்தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஒரு தளம் வைத்து எழுதிக்கொண்டிருக்கிறார். மதுரையைச் சுற்றியுள்ள சமணர் குகைகள், கல்வெட்டுகள், கண்மாய்கள், சித்திரைத் திருவிழா, வீட்டுச் சமையல் என்று 1,140 பதிவுகள். அதில் மலைகளைப் பற்றியவற்றை மட்டும் தனித் தளமாக்க வேண்டும் என்றார். கல்லூரிப் பிள்ளைகள் மாங்குளம் கல்வெட்டைத் தேடி வந்தால் பக்கத்திலேயே உளுந்தங்களி செய்முறை கிடக்கிறதாம். "ஏப்பா, மலையை மட்டும் எடுத்துக் குடுத்துருப்பா" என்றார். தல்லாகுளத்தில் டிடிபி கடையோடு இந்த மாதிரி தள வேலைகளையும் நான் பார்ப்பதுண்டு. ஒரு மாலை போதும் என்று நினைத்து ஒத்துக்கொண்டேன்.

முதலில் எல்லாவற்றையும் மொத்தமாக எக்ஸ்போர்ட் செய்தேன். 26 எம்பி எக்ஸ்எம்எல் ஃபைல் வந்தது. படங்கள் இதில் இல்லை, எழுத்தும் விவரங்களும் மட்டும்தான். யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் பிடிப்பதால் ஃபைல் இப்படித்தான் பருத்துப்போகும். புதுத் தளத்துக்காக எடுத்த ஹோஸ்டிங்கில் (சர்வர் இடம்) இறக்குமதிப் பக்கத்தைத் திறந்தால் உச்ச அளவு 2 எம்பி என்று நின்றது. வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பிஎச்பி-யின் இயல்பான வரம்பு அதுதான், மாற்றிக்கொள்ளலாம். ஆனால் 1,140 பதிவையும் அங்கே கொண்டுபோய்க் கொட்டி, பிறகு வேண்டாததை அழிப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

வேர்ட்பிரஸ் எக்ஸ்போர்ட்டில் வகைப்படி வடிகட்டும் வசதி ஏற்கெனவே இருக்கிறது. 'பதிவுகள்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் கீழே வகை, எழுதியவர், தேதி, நிலை என்று பெட்டிகள் விரியும். வகைப் பெட்டியில் 'மலைகள்' என்பதை எடுத்து அழுத்தினேன். வந்தது 19 பதிவு. சாரிடம் ஒரு நீளக் கட்டு நோட்டு உண்டு. எழுதிய ஒவ்வொன்றையும் அதில் வரிசையாகக் குறித்து வைப்பார். அந்த நோட்டுப்படி மலைப் பதிவுகள் 174.

காரணம், உள்ளே டேட்டாபேஸிடம் பதிவுகளைக் கேட்கும் குவெரியைப் படித்ததும் தெரிந்தது. நாம் தேர்ந்தெடுக்கும் வகையின் எண்ணை மட்டும் அது பார்க்கும். அந்த வகைக்குக் கீழே கிளை வகைகள் இருந்தால் அதற்குள் இறங்காது. சார் 'மலைகள்' என்று ஒரு தாய் வகை வைத்து, அதன் கீழ் அரிட்டாபட்டி, யானைமலை, திருப்பரங்குன்றம், கீழவளவு, விக்கிரமங்கலம், முத்துப்பட்டி என்று 12 கிளை வைத்திருந்தார். பதிவு போடும்போது கிளையில் மட்டும் டிக் அடிப்பார். தாயில் இருந்த 19 பதிவும் எந்தக் கிளையிலும் சேராத பொதுக் கட்டுரைகள்.

சரி, கிளை கிளையாக எடுத்துவிடலாம் என்று ஒவ்வொன்றாக இறக்கினேன். இது முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன். ஒரே பதிவு இரண்டு மலைகளில் இருந்தாலும் இரட்டிப்பாகாது, இறக்குமதிக் கருவி 'ஏற்கெனவே உள்ளது' என்று சொல்லித் தாண்டிவிடும். சிக்கல் வேறு இடத்தில். ஒரு வகையை மட்டும் எக்ஸ்போர்ட் செய்தால் அந்த ஒரு வகையின் விவரம்தான் ஃபைலில் வரும். அதன் தாய் யார் என்ற இடம் காலியாக இருக்கும். புதுத் தளத்தில் போய்ப் பார்த்தால் மலைகளெல்லாம் ஒட்டுறவு இல்லாமல் மேல்மட்டத்திலேயே நின்றன. படங்களும் வரவில்லை. சாரின் தளம் ஓடியது வேர்ட்பிரஸின் பழைய பதிப்பில். அதில் பதிவுகளை மட்டும் எடுத்தால் படங்களின் குறிப்பு ஃபைலுக்குள் வராது.

அப்புறம்தான் சொந்தமாக ஒரு பிளகின், அதாவது வேர்ட்பிரஸில் செருகிக்கொள்ளும் துணை நிரல், எழுத உட்கார்ந்தேன்.

கடையில் இருக்கும் ஐ3 டெஸ்க்டாப்பில், கம்ப்யூட்டரையே சர்வராக்கும் எக்ஸாம்ப் போட்டு, தளத்தின் நகலை அதில் ஏற்றிக்கொண்டேன். எழுத நோட்பேட் பிளஸ் பிளஸ், டேட்டாபேஸ் பார்க்க பிஎச்பிமைஅட்மின். வேறு கருவி எதுவும் தேவைப்படவில்லை. வேர்ட்பிரஸின் சொந்த எக்ஸ்போர்ட் ஃபைலிலேயே இரண்டு வரியைத் திருத்தினால் வேலை முடியும்தான். ஆனால் அடுத்த அப்டேட்டில் திருத்தம் காணாமல் போகும். சார் அப்டேட் பட்டனைக் கண்டால் அழுத்தாமல் இருக்க மாட்டார்.

ஹூக் என்றால் வேர்ட்பிரஸ் ஓடும் வழியில் நம் கோடை மாட்டிக்கொள்ள விட்டிருக்கும் கொக்கி. மூன்று ஹூக் போதுமானதாக இருந்தது. முதலாவது 'எக்ஸ்போர்ட் ஃபில்டர்ஸ்'. எக்ஸ்போர்ட் பக்கத்தின் படிவத்துக்கு அடியில் நாம் விரும்பியதைச் சேர்க்க இது வழிவிடும். அங்கே வகைகளை டிக் பெட்டிகளாக வரிசைப்படுத்தினேன், ஒரே நேரத்தில் எத்தனை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். இரண்டாவது 'எக்ஸ்போர்ட் டபிள்யூபி'. ஃபைல் உருவாகத் தொடங்குவதற்குச் சற்று முன் இது ஓடும். டிக் அடித்த வகைகளை இங்கே வாங்கி, அவற்றுக்குரிய பதிவு எண்களின் பட்டியலைத் தயார் செய்தேன். மூன்றாவது, டேட்டாபேஸுக்குப் போகும் ஒவ்வொரு குவெரியையும் வழியில் நிறுத்திப் பார்க்க உதவும் 'குவெரி' ஃபில்டர்.

இந்த மூன்றாவது கொஞ்சம் முரட்டு வேலை. நான் பார்த்த பதிப்பில், எந்தெந்தப் பதிவு ஃபைலுக்குள் போக வேண்டும் என்ற பட்டியலை மாற்றுவதற்கென்று தனி ஹூக் இல்லை. ஆகவே பதிவு எண்களைக் கேட்கும் அந்த ஒரு குவெரி கிளம்பும்போது பிடித்து, அதற்குப் பதிலாக 'இந்த எண்களை மட்டும் கொடு' என்று மாற்றி அனுப்ப வேண்டியிருந்தது. மாற்றிய உடனே ஃபில்டரைக் கழற்றிவிட வேண்டும். இல்லையென்றால் பின்னால் வரும் வேறு குவெரிகளிலும் அது கைவைக்கும்.

முதல் ஓட்டத்தில் 1,140-உம் வந்தது. வடிகட்டவே இல்லை. டேபிள் பெயரை 'டபிள்யூபி போஸ்ட்ஸ்' என்று நான் நேரடியாக எழுதியிருக்க, சாரின் தளத்தை அமைத்தவர் 'டபிள்யூபி' என்ற முன்னொட்டை வேறாக வைத்திருந்தார். பெயரை வேர்ட்பிரஸிடமே கேட்டு வாங்கும்படி மாற்றியதும் பிடித்துக்கொண்டது.

அடுத்தது இறக்குமதி மறுத்தது. எக்ஸ்எம்எல் அறிவிப்பு ஃபைலின் தொடக்கத்தில் இல்லை என்றது. ஃபைலைத் திறந்தால் பார்வைக்கு எல்லாம் சரியாக இருந்தது. நோட்பேட் பிளஸ் பிளஸில் மறைந்த எழுத்துகளைக் காட்டச் சொன்னபோது, முதல் வரி காலி. என் பிளகின் ஃபைலில் பிஎச்பி முடியும் குறிக்குப் பிறகு இரண்டு முறை எண்டர் தட்டியிருந்தது. முடிவுக் குறியை ஒட்டி வரும் ஒரு எண்டரை பிஎச்பி விழுங்கிவிடும், மிச்சம் இருந்த ஒன்று எக்ஸ்எம்எல்லின் தலையில் வந்து உட்கார்ந்துவிட்டது. முடிவுக் குறியையே எடுத்துவிட்டேன், அது இல்லாமலும் பிஎச்பி ஓடும். இதே காரணத்தால் எண்ணிக்கையைச் சரிபார்க்க, அச்சிடும் கட்டளையான 'எக்கோ' போடுவதும் ஆகாது, அதுவும் ஃபைலுக்குள்ளேயே விழும். எண்ணிக்கைகளை எரர் லாக்கில் எழுதவைத்தேன்.

பட்டியல் தயாரிப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வேர்ட்பிரஸில் பதிவுகளைக் கேட்கும்போது 'கேட்டகிரி இன்' என்ற வழியில் கேட்டால் கிளைகளுக்குள் போகாது. வெறும் 'கேட்' என்று கேட்டால் தாயோடு கிளைகளையும் சேர்த்துத் தரும். முதலாவதில் பழைய 19 வந்தது. இரண்டாவதில் 148.

இன்னும் 26 குறைகிறது. கோட் சரியாக இருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியான பிறகு பிளகினை மூடிவிட்டு, வகைப் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு பசுமலைக்குப் போனேன். நோட்டை அவர் படிக்க, நான் பட்டியலில் டிக் அடித்தேன்.

முதலில் மாட்டியது மீனாட்சிபுரம். 'ஊர்கள்' என்ற வகையின் கீழ் தனியாக 11 பதிவோடு கிடந்தது. நான் அதை ஏதோ ஊர் என்று விட்டிருந்தேன். "மாங்குளம் கல்வெட்டு இருக்கிறதே அந்த ஊர் மலையிலதானப்பா" என்றார். ராபர்ட் சீவெல் 1882-இல் கண்டெடுத்த, நெடுஞ்செழியன் பெயர் வரும் அந்தத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளைச் சிலர் மாங்குளம் என்றும் சிலர் மீனாட்சிபுரம் என்றும் குறிப்பிடுவார்கள். சாரும் ஆரம்பத்தில் ஒரு பெயரையும் பின்னால் இன்னொன்றையும் வைத்து இரண்டு வகை உண்டாக்கியிருக்கிறார். எந்த பிளகினாலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

இரண்டாவது, கீழக்குயில்குடி. சமணர்மலை, செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம் பற்றிய பதிவுகளெல்லாம் இதற்குள்தான். ஆனால் ஒற்று இல்லாமல் 'கீழகுயில்குடி' என்று இன்னொன்று மேல்மட்டத்தில் இருந்தது. 4 பதிவு. தமிழாசிரியர் ஒற்றை விட்டிருக்கிறாரே என்று கிண்டலடித்தேன். கைபேசியில் போட்டதாம்.

மூன்றாவதுதான் என்னை வெகுநேரம் உட்காரவைத்தது. கொங்கர்புளியங்குளம் என்ற பெயர் பட்டியலில் இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று மலைகளின் கீழ், ஒன்று வெளியே. எழுத்துக்கு எழுத்து அப்படியே ஒன்று. வகைப் பக்கத்தில் பார்த்தாலும் வித்தியாசம் தெரியவில்லை. எக்ஸ்போர்ட் ஃபைலில் போய், முகவரியில் வரும் பெயர் வடிவமான ஸ்லக்கைப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. வேர்ட்பிரஸ் தமிழ் ஸ்லக்கை நேராகச் சேமிக்காது. ஒவ்வொரு யூனிகோடு குறியையும் சதவீதக் குறியோடு கூடிய ஒன்பது எழுத்துகளாக மாற்றி வைக்கும். ஒரு கொங்கர்புளியங்குளத்தின் ஸ்லக் 171 எழுத்து நீளம், இன்னொன்று 180. சரியாக ஒன்பது கூடுதல். முதல் எழுத்தான 'கொ'வில், ஒன்றில் ஒகரக் குறி ஒரே குறியாக இருந்தது. மற்றதில் ஒற்றைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறிகள். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். சார் பழைய கட்டுரைகளை யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருந்து, பிறகு ஒரு மாற்றியில் போட்டு ஏற்றியிருக்கிறார். அந்த வழியாக வந்ததாகத்தான் இருக்க வேண்டும். இதில் 8 பதிவு.

(ஸ்லக்கின் உச்ச நீளம் 200 என்பதும் அப்போது நினைவுக்கு வந்தது. ஒன்பது ஒன்பதாகக் கணக்குப் போட்டால் 22 குறிகளுக்கு மேல் இடமில்லை. சாரின் நீளமான தலைப்புகளின் முகவரிகள் எல்லாம் பாதிச் சொல்லில் வெட்டுப்பட்டு நிற்பது அதனால்தான்.)

148, 11, 4, 8. மொத்தம் 171. மிச்சம் மூன்று அரிட்டாபட்டிப் பதிவுகள். 2022-இல் அரிட்டாபட்டியைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த சமயத்தில் எழுதியவை. எழுதி, வரைவில் சேமித்து, வெளியிட்டுவிட்டதாகவே நினைத்திருந்திருக்கிறார். என் பட்டியல் வெளியான பதிவுகளை மட்டும் எடுப்பதால் அவை வரவில்லை. அவற்றை அங்கேயே படித்துப் பார்த்து வெளியிட்டார். 174.

வகைகளைச் சேர்க்கும் வேலையைக் கையாலேயே செய்தேன். முதலில் முழு பேக்கப். பிறகு பதிவுப் பட்டியலில் தவறான வகையைத் தேர்ந்தெடுத்து, அதில் உள்ள எல்லாப் பதிவுகளுக்கும் மொத்தத் திருத்தத்தில் சரியான வகையையும் சேர்த்துவிட்டு, அதற்கப்புறம் தவறான வகையை நீக்கினேன். இந்த வரிசை முக்கியம். வகையை முதலில் நீக்கினால் பதிவுகள் அழியாது என்றாலும், வேறு வகை இல்லாதவை எல்லாம் 'வகைப்படுத்தப்படாதவை'க்குள் போய் விழும். அதற்குள் ஏற்கெனவே இருந்த கூட்டத்தில் திரும்பத் தேடிப் பிடிப்பது பாடு.

படங்களுக்கு வருகிறேன். வேர்ட்பிரஸில் படமும் டேட்டாபேஸில் ஒரு பதிவுதான். எந்தப் பதிவிலிருந்து ஏற்றினோமோ அது படத்துக்குத் தாய். ஆகவே என் 174 பதிவுகளைத் தாயாகக் கொண்ட படங்களின் எண்களையும் பட்டியலில் சேர்த்தேன். 488 வந்தது. முகப்புப் படங்களை, பதிவோடு சேமித்திருக்கும் கூடுதல் விவரமான மெட்டாவிலிருந்து எடுத்ததில் இன்னும் 37. அப்படியும் சில பக்கங்களில் ஓட்டை. சார் ஒருமுறை ஏற்றிய யானைமலைப் படத்தை வேறு பல கட்டுரைகளிலும் எடுத்து ஒட்டுவார். அதன் தாய் ஏதாவது ஒரு திருவிழாப் பதிவாக இருக்கும். இதற்கு, கட்டுரை உடலுக்குள் படம் செருகும்போது வேர்ட்பிரஸ் கூடவே எழுதிவைக்கும் படத்தின் எண்ணைத் தேடி எடுத்தேன். இன்னொரு 83. மொத்தம் 608 படம்.

குவெரியின் வாலில் நிபந்தனை சேர்ப்பதை விட்டு முழுக்க மாற்றி அனுப்பியதும் இதற்காகத்தான். மூலக் குவெரியில் 'படமல்லாத கட்டுரைப் பதிவு மட்டும்' என்ற நிபந்தனை இருப்பதால், அதை வைத்துக்கொண்டே படங்களின் எண்ணைச் சேர்த்தால் அது வெளியே தள்ளிவிடும்.

தாய்-கிளை உறவு போய்விடும் சிக்கலுக்குக் கோட் எழுதவில்லை. எழுதலாம். எக்ஸ்போர்ட் ஃபைலின் தலைப்பகுதியில் 'ஆர்எஸ்எஸ்2 ஹெட்' என்ற ஹூக் ஓடும், அங்கே வகை விவரங்களைத் தாய் முதலில், கிளை பிறகு என்ற வரிசையில் அச்சிட்டால் இறக்குமதிக் கருவி எடுத்துக்கொள்ளும். ஆனால் 13 வகைக்காக அதைச் செய்வதைவிட, புதுத் தளத்தில் இறக்குமதிக்கு முன்பே அவற்றைத் தட்டச்சு செய்து உறவு வைத்துவிடுவது எளிது. ஸ்லக் ஒத்துப்போனால் கருவி புதிதாக உண்டாக்காமல் இருப்பதிலேயே பதிவைச் சேர்க்கும். ஒரு டீ குடிக்கும் நேரத்தில் முடிந்தது. முப்பது நாற்பது வகை என்றால் கோட்தான் எழுதியிருப்பேன்.

கடைசி ஃபைல் 4.9 எம்பி. ஹோஸ்டிங் கன்ட்ரோல் பேனலில் பிஎச்பி அமைப்புக்குப் போய் ஏற்றும் வரம்பை 16 எம்பி ஆக்கினேன். அதோடு, ஒரே முறையில் அனுப்பும் மொத்தத் தரவுக்கான 'போஸ்ட்' வரம்பையும் ஏற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் சின்ன வரம்புதான் நிற்கும். படங்களை இறக்கும் டிக்கைப் போட்டு ஓடவிட்டேன். 200 சொச்சம் படத்தில் நேர வரம்பு தாண்டி நின்றது. அதே ஃபைலை மறுபடி கொடுத்தால் ஏற்கெனவே வந்தவற்றைத் தாண்டி விட்ட இடத்திலிருந்து போகும். இடையில் தல்லாகுளத்தில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை வேறு. கடை யூபிஎஸ் மோடத்தைத் தாங்கியது, டெஸ்க்டாப்பைத் தாங்கவில்லை. கரண்ட் வந்த பிறகு இன்னொரு முறை கொடுத்தேன். முடிவில் 608-இல் 601 வந்தது. மிச்சம் ஏழும் பழைய சர்வரிலேயே ஃபைல் இல்லாதவை. சார் பென்டிரைவிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

செலவுக் கணக்கு: டொமைன் ஓராண்டுக்கு 900 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு, ஹோஸ்டிங் ஆண்டுக்கு 2,400. பிளகினுக்குச் செலவு இல்லை, மொத்தமே 130 வரிதான். கடையில் இத்தனை வேலைக்கு வேறு யாராவது என்றால் 5,000 வாங்கியிருப்பேன். சாரிடம் அச்செடுத்த காசுகூட வாங்கவில்லை. அவர் விடாமல் இரவுச் சாப்பாடு போட்டு அனுப்பினார்.

இதே வேலை மறுபடி வந்தால் குவெரியைப் பிடித்து மாற்றும் முரட்டு வழிக்குப் போக மாட்டேன். எக்ஸாம்ப் நகலில், வேர்ட்பிரஸைக் கட்டளைகளால் இயக்கும் டபிள்யூபி-சிஎல்ஐ நிறுவிக்கொண்டு, கட்டளை வரியில் ஒரு கட்டளையால் வேண்டிய பதிவு எண்களைப் பட்டியலாக எடுத்து, அதை அப்படியே எக்ஸ்போர்ட் கட்டளைக்குக் கொடுத்துவிடலாம். எண்களைப் பட்டியலாக வாங்கிக்கொள்ளும் வசதி அதில் இருக்கிறது. ஃபைலையும் அதுவே 15 எம்பி துண்டுகளாக வெட்டும், அந்த அளவை நாம் குறைத்துக்கொள்ளலாம். சாரின் மலிவு ஹோஸ்டிங்கில், தொலைவிலிருந்து சர்வருக்குக் கட்டளை கொடுக்கும் எஸ்எஸ்எச் வசதி கிடையாது என்பதால் அந்தப் பக்கமே நான் யோசிக்கவில்லை. நகல் என் மேசையில் இருக்கும்போது அது ஒரு தடையே இல்லை. ஆனால் டிக் பெட்டி உள்ள பிளகினை சாரே பயன்படுத்த முடியும், கறுப்புத் திரையை அவர் தொட மாட்டார். அதனால் பிளகினைக் கழற்றவில்லை.

இன்னொன்று, நோட்டோடு உட்காருவதை முதல் வேலையாக வைத்துக்கொள்வேன். வகைப் பட்டியலை எக்ஸெலில் இறக்கி, ஸ்லக்கின் நீளத்தை ஒரு நெடுவரிசையில் போட்டு, பெயர்வாரியாக அடுக்கிப் பார்த்தாலே இரட்டைகளில் பாதி கண்ணில் பட்டுவிடும்.

பழைய தளத்தில் மலைப் பதிவுகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. அவற்றைப் புது முகவரிக்குத் திருப்பிவிடும் வேலை பாக்கி. அதற்குள் சாருக்கு டிக் பெட்டி பிடித்துப்போய், மதுரைச் சௌராஷ்டிரர்கள் பற்றிய கட்டுரைகளை அவரே பிரித்திருக்கிறார். 31 எதிர்பார்த்தாராம், 17 வந்ததாம். பட்டியலைப் பார்த்தேன். 'சௌராஷ்டிரர்' ஒன்று, 'செ'வும் 'ள'வும் சேர்த்துத் தட்டிய 'செளராஷ்டிரர்' ஒன்று. ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு வரச் சொல்லியிருக்கிறேன்.